கலப்பு மற்றும் மின் பிக்கப் வண்டிகள்

பிக்கப் வண்டி என்பது பின்புறம் திறந்த சரக்குத் தளம் கொண்ட சிறு சரக்குந்து ஆகும். உள் எரி பொறியுடன் மின்னோடியும் சேர்ந்து இயக்கும் பிக்கப், கலப்பு பிக்கப் எனப்படும். இது பரவலாக ஹைப்ரிட் என்று அழைக்கப்படுகிறது. மின்கலத்தில் சேமித்த ஆற்றலை மட்டும் கொண்டு ஓடுவது மின் பிக்கப் ஆகும்.

ஐக்கிய அமெரிக்காவில் பிக்கப் வண்டி பணிக்கான ஊர்தியாக மட்டுமன்றிக் குடும்ப ஊர்தியாகவும் விளங்குகிறது. ஃபோர்டு எஃப் வரிசை 1977 முதல் அந்நாட்டில் மிகுதியாக விற்கும் பிக்கப் வரிசையாக இருந்து வருகிறது. வார நாட்களில் அலுவலகம் செல்லப் பயன்படும் அதே வண்டி, விடுமுறையில் படகு, கேரவன், குதிரைப் பெட்டி முதலியவற்றை டிரெய்லராக இழுத்துச் செல்கிறது. இவ்விரு பணிகளுக்கும் தேவைப்படும் ஆற்றல் வெவ்வேறு அளவிலானது. எனவே ஒன்றில் சிறந்து விளங்கும் வண்டி மற்றொன்றிலும் சிறக்கும் என்று கொள்ள இயலாது.

வரலாறு

செவ்ரோலெட் நிறுவனம் 1997-98 ஆண்டுகளில் எஸ்-10 மின் பிக்கப்பையும், ஃபோர்டு நிறுவனம் 1998 முதல் 2002 வரை ரேஞ்சர் மின் பிக்கப்பையும் குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்டன. இவற்றில் முதலில் ஈய-அமில மின்கலங்களும் பின்னர் நிக்கல்-உலோக ஐதரைடு மின்கலங்களும் பயன்படுத்தப்பட்டன.

செவ்ரோலெட் சில்வராடோ பிக்கப்பின் முழுமையான கலப்பு வகை 2009 முதல் 2013 வரை விற்கப்பட்டது. 6.0 லிட்டர் பொறி கொண்ட அவ்வண்டியின் உயர்ந்தபட்ச இழுதிறன் ஏறத்தாழ 2,770 கிலோகிராம் ஆகும். 2021 மாதிரி ஆண்டில் ஃபோர்டு எஃப்-150 பவர்பூஸ்ட் என்னும் கலப்பு வகையும், அதற்கடுத்த மாதிரி ஆண்டில் டொயோட்டா டண்ட்ரா கலப்பு வகையும், சிறிய ஃபோர்டு மேவரிக்கும் வந்தன.

ரிவியன் ஆர்1டி மின் பிக்கப் 2021 செப்டம்பரில் வாடிக்கையாளர்களைச் சென்றடையத் தொடங்கியது. ஃபோர்டு எஃப்-150 லைட்னிங்கின் உற்பத்தி 2022 ஏப்ரலில் மிச்சிகன் மாநிலத்தின் டியர்போர்ன் நகரில் தொடங்கியது. டெஸ்லா சைபர்டிரக் 2023 நவம்பர் இறுதியில் வெளிவந்தது.

வகைகள்

செருகாக் கலப்பு: இதன் மின்கலம் மிகச் சிறியது. எஃப்-150 பவர்பூஸ்டில் 3.5 லிட்டர் பெட்ரோல் பொறியுடன் 35 கிலோவாட் மின்னோடியும் 1.5 கிலோவாட்-மணி மின்கலமும் உள்ளன. மின்கலத்திற்கு வேண்டிய ஆற்றல் பொறியிலிருந்தும், வேகம் குறைக்கும்போது மீட்கப்படும் ஆற்றலிலிருந்தும் கிடைக்கிறது.

செருகு கலப்பு: இதனை வெளி மின்னிணைப்பில் செருகி மின்னேற்றம் செய்யலாம். 2024 மே மாதம் மெக்சிகோவில் அறிமுகமான பிஒய்டி ஷார்க் இவ்வகையைச் சேர்ந்தது. இதில் ஏறத்தாழ 30 கிலோவாட்-மணி மின்கலமும் 1.5 லிட்டர் பெட்ரோல் பொறியும் உள்ளன.

ஓடுதூர நீட்டிப்பு வகை: இதில் சக்கரங்களை மின்னோடிகள் மட்டுமே சுழற்றுகின்றன. பொறி மின்னாக்கியை மட்டும் இயக்குகிறது.

முழு மின் வகை: இதில் பொறியே இல்லை. லைட்னிங்கின் பெரிய மின்கலத் தொகுதி 131 கிலோவாட்-மணி கொள்ளளவு உடையது.

அன்றாடப் பயன்பாடு

நகரப் போக்குவரத்தில் வண்டி அடிக்கடி நின்று புறப்படுகிறது. மரபு வண்டியில் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அதன் இயக்க ஆற்றல் தடுப்புகளில் வெப்பமாக வீணாகிறது. கலப்பு வண்டியில் மின்னோடியே மின்னாக்கியாக மாறி, அந்த ஆற்றலின் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்புகிறது. முதல் மேவரிக் கலப்பு வகை, அமெரிக்க அரசின் அளவீட்டில் நகரில் லிட்டருக்கு ஏறத்தாழ 18 கிலோமீட்டரும் நெடுஞ்சாலையில் 14 கிலோமீட்டரும் தந்தது. பொதுவாகப் பெட்ரோல் வண்டிகள் நெடுஞ்சாலையில்தான் கூடுதலாக ஓடும். இங்கு அது தலைகீழாக அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

முழு மின் வண்டிக்கு இத்துடன் வீட்டிலேயே மின்னேற்றும் வசதியும் உண்டு. நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 18 கிலோவாட்-மணி செலவாகும். 7 கிலோவாட் வீட்டு மின்னேற்றி இதனை மூன்று மணி நேரத்துக்குள் ஈடு செய்துவிடும்.

வண்டியிலிருந்து மின்சாரம் பெறுவது மற்றொரு பயனாகும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தில் கடும் பனிப்புயலால் மின்சாரம் தடைப்பட்டபோது, எஃப்-150 கலப்பு வண்டி வைத்திருந்தவர்களில் சிலர் அதிலிருந்து தம் வீட்டுக் கருவிகளை இயக்கினர். அவ்வண்டி 7.2 கிலோவாட் வரையிலும், லைட்னிங் 9.6 கிலோவாட் வரையிலும் வெளியே மின்சாரம் வழங்க வல்லவை.

இழுதிறன் என்பதன் பொருள்

ஆர்1டி, சைபர்டிரக் ஆகியவற்றின் உயர்ந்தபட்ச இழுதிறன் ஏறத்தாழ 4,990 கிலோகிராம். லைட்னிங்கினுடையது 4,536 கிலோகிராம். இந்த எண்கள் எவ்வளவு எடையை இழுக்கலாம் என்பதை மட்டுமே கூறுகின்றன. எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதைக் கூறுவதில்லை.

அமெரிக்காவில் இழுதிறனை அளக்கப் பயன்படும் ஜே2807 என்னும் செந்தரம் இதற்குச் சான்றாகும். அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே தொடங்கும் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீள மலையேற்றம் இதன் சோதனைகளுள் ஒன்று. கோடை வெப்பத்தில், குளிரூட்டி ஓடிக்கொண்டிருக்க, வண்டி டிரெய்லருடன் குறித்த வேகத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும். 12 விழுக்காடு சரிவில் நின்ற நிலையிலிருந்து புறப்படுவதும் சோதிக்கப்படுகிறது. சுழலத் தொடங்கும்போதே முழு முறுக்கு விசை தரும் மின்னோடிக்கு இவை எளிது.

விளம்பரங்களில் காணப்படும் ஓடுதூரமோ டிரெய்லர் இல்லாமல் அளக்கப்படுவது. லைட்னிங்கின் 515 கிலோமீட்டர் என்னும் எண் அத்தகையது. இழுதிறனும் ஓடுதூரமும் ஒரே பக்கத்தில் அச்சிடப்பட்டிருந்தாலும், இரண்டையும் ஒரே பயணத்தில் பெற முடியாது.

ஆற்றல் கணக்கீடு

சமதளச் சாலையில் சீரான வேகத்தில் செல்லும் வண்டியை இரு விசைகள் தடுக்கின்றன. எடைக்கு ஏற்பக் கூடுவது உருள் தடை. முகப்புப் பரப்பு, வடிவம், வேகத்தின் இருமடி ஆகியவற்றுக்கு ஏற்பக் கூடுவது காற்றுத் தடை.

எடுத்துக்காட்டாக, 3,000 கிலோகிராம் எடையும் 131 கிலோவாட்-மணி மின்கலமும் உடைய ஒரு மின் பிக்கப்பைக் கொள்வோம். உருள் தடைக் கெழு 0.01 எனவும், மின்கலத்திலிருந்து சக்கரம் வரையிலான செயல்திறன் 85 விழுக்காடு எனவும் கொள்க. தடைக் கெழுவையும் முகப்புப் பரப்பையும் பெருக்கி வரும் மதிப்பு, வண்டிக்கு மட்டும் 1.3 சதுர மீட்டர், தாழ்ந்த படகு டிரெய்லருடன் 1.7, உயர்ந்த கேரவனுடன் 3.0 என்க. படகும் கேரவனும் தனித்தனியே 3,000 கிலோகிராம் எடை உடையவை. மின்கலம் முழுவதும் தீரும் வரை ஓடக்கூடிய தூரம் பின்வருமாறு அமையும்:

- டிரெய்லர் இன்றி, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில்: ஏறத்தாழ 450 கிலோமீட்டர்
- படகுடன், அதே வேகத்தில்: ஏறத்தாழ 290 கிலோமீட்டர்
- கேரவனுடன், அதே வேகத்தில்: ஏறத்தாழ 200 கிலோமீட்டர்
- கேரவனுடன், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில்: ஏறத்தாழ 270 கிலோமீட்டர்

படகும் கேரவனும் ஒரே எடை உடையவையாயினும் ஓடுதூரம் 90 கிலோமீட்டர் வேறுபடுகிறது. கேரவனால் ஏற்படும் கூடுதல் தடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மட்டுமே எடையால் வருவது. எஞ்சியது காற்றினால் வருவது. ஆகவே எடையைக் குறைப்பதைவிட வேகத்தைக் குறைப்பது இங்கு மிகுந்த பயன் தரும். கேரவனுடன் ஓடுதூரம் பாதிக்கும் கீழே இறங்குவது, அமெரிக்கத் தானுந்து இதழ்கள் நடத்திய இழுவைச் சோதனைகளின் முடிவுகளுடன் ஒத்துப்போகிறது.

மலைப்பாதையில் எடையின் பங்கு கூடும். மொத்தம் 6,000 கிலோகிராம் எடையை 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, மின்கலத்திலிருந்து ஏறத்தாழ 19 கிலோவாட்-மணி கூடுதலாகச் செலவாகும். இறங்கும்போது இதில் ஒரு பகுதியை மீட்கலாம். குளிர்காலத்தில் மின்கலத்தையும் உட்பகுதியையும் சூடாக்க வேண்டியிருப்பதால் ஓடுதூரம் மேலும் குறையும்.

பெட்ரோல் வண்டியுடன் ஒப்பீடு

டிரெய்லர் இழுக்கும்போது பெட்ரோல் வண்டியின் ஓடுதூரமும் பெரிதும் குறைகிறது. ஆயினும் ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 8.9 கிலோவாட்-மணி ஆற்றல் உள்ளது. 100 லிட்டர் தொட்டியில் 890 கிலோவாட்-மணி அடங்கும். பொறி அதில் கால் பங்கை மட்டுமே சக்கரங்களுக்குத் தந்தாலும் 220 கிலோவாட்-மணிக்கு மேல் கிடைக்கும். மேற்கண்ட மின் பிக்கப்பில் சக்கரங்களுக்குக் கிடைப்பது 111 கிலோவாட்-மணி ஆகும்.

மின்னோடி பெட்ரோல் பொறியைவிட மிகவும் திறன் வாய்ந்தது என்பதில் ஐயமில்லை. குறை, எடுத்துச் செல்லக்கூடிய ஆற்றலின் அளவிலும் அதை மீண்டும் நிரப்பும் நேரத்திலும் உள்ளது. விரைவு மின்னேற்றத்தில் லைட்னிங் 15 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காட்டை எட்ட ஏறத்தாழ 40 நிமிடங்கள் ஆகும். அதாவது கேரவனுடன் ஏறத்தாழ 130 கிலோமீட்டருக்கு ஒருமுறை 40 நிமிடம் நிற்க வேண்டும். பல மின்னேற்ற நிலையங்களில் தானுந்து அளவிலான நிறுத்திடங்களே உள்ளதால், டிரெய்லரைக் கழற்றி வேறிடத்தில் விட்டு, மின்னேற்றிய பின் மீண்டும் பூட்ட வேண்டியிருக்கும்.

மின்கலத்தைப் பெரிதாக்கினால் எடை கூடுகிறது. 200 கிலோவாட்-மணிக்கு மேற்பட்ட மின்கலம் கொண்ட ஜிஎம்சி ஹம்மர் மின் பிக்கப்பின் எடை 4 டன்னுக்கும் மேலானது. டிரெய்லர் எடையில் வழக்கமாக 10 முதல் 15 விழுக்காடு வண்டியின் கொக்கியில் அழுந்துகிறது. பயணிகள், சரக்கு ஆகியவற்றின் எடையுடன் இதுவும் வண்டியின் சுமைத்திறனுக்குள் அடங்க வேண்டும்.

கலப்பு வகைகளின் இழுவை

செருகாக் கலப்பு வகையில் இழுவைக்கு அடிப்படை பொறியே. பவர்பூஸ்டின் உயர்ந்தபட்ச இழுதிறன் ஏறத்தாழ 5,760 கிலோகிராம். இது லைட்னிங்கைவிடக் கூடுதலாகும். ஆனால் நீண்ட ஏற்றத்தில் அதன் சிறிய மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். பின்னர் பொறி மட்டுமே வண்டியை இழுக்கும். எனவே நெடுந்தூர இழுவையில் எரிபொருள் மிச்சம் குறைவே.

செருகு கலப்பு வகைகளின் இழுதிறன் வண்டிக்கு வண்டி வேறுபடுகிறது. ஆஸ்திரேலியாவில் டீசல் பிக்கப் வண்டிகள் பல 3,500 கிலோகிராம் இழுக்க, அங்கு அறிமுகமான ஷார்க் வகையின் இழுதிறன் 2,500 கிலோகிராமாக இருந்தது. ஃபோர்டு ரேஞ்சர் செருகு கலப்பு வகையின் இழுதிறன் 3,500 கிலோகிராம் ஆகும்.

ஓடுதூர நீட்டிப்பு வகை, இழுவைச் சிக்கலுக்கு ஒரு தீர்வாக முன்வைக்கப்படுகிறது. 2023 நவம்பரில் ராம்சார்ஜர் என்னும் பெயரில் அறிவிக்கப்பட்ட ராம் 1500 பிக்கப்பில் 92 கிலோவாட்-மணி மின்கலமும், 3.6 லிட்டர் பொறியால் இயங்கும் 130 கிலோவாட் மின்னாக்கியும் அமைக்கத் திட்டமிடப்பட்டது. மேற்கண்ட கணக்கின்படி கேரவனை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்க ஏறத்தாழ 65 கிலோவாட் போதும். ஆகவே சமதளத்தில் மின்கலம் தீர்ந்த பின்னரும் இழுவை தடைப்படாது.

2025 ஆம் ஆண்டு மாற்றங்கள்

2025 செப்டம்பரில் ராம் நிறுவனம் முழு மின் பிக்கப் திட்டத்தைக் கைவிட்டது. அதற்கென வைத்திருந்த பெயரை ஓடுதூர நீட்டிப்பு வகைக்குச் சூட்டியது. அம்மாத இறுதியில் மின் ஊர்தி வாங்குவோருக்கான 7,500 டாலர் கூட்டாட்சி வரிச்சலுகையும் முடிவடைந்தது. டிசம்பரில் ஃபோர்டு நிறுவனம், முழு மின் லைட்னிங்கின் உற்பத்தியை நிறுத்துவதாகவும், அதன் அடுத்த தலைமுறை ஓடுதூர நீட்டிப்பு வகையாக அமையும் என்றும் அறிவித்தது.

தேர்வுக்கான அளவுகோல்

இவ்வண்டிகளை ஒப்பிடும்போது உயர்ந்தபட்ச இழுதிறனைவிட ஆண்டில் எத்தனை நாள், எவ்வளவு தூரம், எந்த வடிவிலான டிரெய்லரை இழுக்க வேண்டும் என்பதே முதன்மையானது. அருகிலுள்ள ஏரிக்குப் படகு கொண்டு செல்வோருக்கு முழு மின் வகை போதுமானது. நகரில் மிகுதியாக ஓட்டி, வீட்டில் மின்னேற்ற வசதி இல்லாதோருக்குச் செருகாக் கலப்பு வகை பொருந்தும். அன்றாடம் மின்சாரத்தில் ஓட்டி, அவ்வப்போது நெடுந்தூரம் இழுப்போருக்கு, இழுதிறன் போதுமானதாயின், செருகு கலப்பும் ஓடுதூர நீட்டிப்பு வகையும் ஏற்றவை. உயர்ந்த கேரவனுடன் மாநிலம் விட்டு மாநிலம் அடிக்கடி செல்வோருக்கு எரிபொருள் தொட்டி இன்னும் தேவைப்படுகிறது.