குதிரைக்கு வரும் கோடைப் புண்ணும் சிகிச்சையும்

வண்டிக் குதிரையின் காலில் ஒரு சிறு சிராய்ப்பு. மஞ்சள் பற்றுப் போட்டால் ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்று விட்டுவிடுகிறோம். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் சிராய்ப்பு இருந்த இடத்தில் சதை பொங்கிச் சிவந்து நிற்கிறது. குதிரை அதைக் கடித்துக் கடித்து இரத்தம் கசிய வைக்கிறது. எந்தக் களிம்புக்கும் அடங்குவதில்லை. குளிர் காலத்தில் தானே ஆறினாற்போல் இருந்து, அடுத்த கோடையில் மீண்டும் அதே இடத்தில் கிளம்புகிறது. இதுவே 'கோடைப் புண்'. கழுதைக்கும் கோவேறு கழுதைக்கும்கூட இது வரும்.

புண் வரும் விதம்

இந்தப் புண்ணுக்குக் காரணம் ஹாப்ரோனீமா என்ற உருளைப் புழு. வளர்ந்த புழு குதிரையின் இரைப்பையில் வாழ்கிறது. நீளம் 1 முதல் 2½ சென்டிமீட்டர்தான். அங்கே இருக்கும் வரை பெரும்பாலும் அதிகத் தொல்லை தருவதில்லை. அதன் முட்டைகளும் இளம் புழுக்களும் லத்தியுடன் வெளியே வருகின்றன. அதே லத்தியில்தான் வீட்டு ஈயும் மாட்டுக் கொட்டிலில் கடிக்கும் ஈயும் முட்டையிடுகின்றன. ஈயின் புழு லத்தியைத் தின்னும்போது ஹாப்ரோனீமாவின் இளம் புழுவும் உள்ளே போய், அது ஈயாக மாறும் சமயத்தில் வாய்ப் பகுதிக்கு வந்து சேருகிறது.

அந்த ஈ குதிரையின் உதட்டில் உட்கார்ந்தால் இளம் புழு வாய் வழியே இரைப்பைக்குப் போய்விடும். புண்ணிலோ, ஈரமான கண்ணோரத்திலோ உட்கார்ந்தால் புழு அங்கேயே இறங்கிவிடும். தோலில் அது வளர்ந்து பெரிதாக முடியாது. சாகும்வரை சதையில் ஊர்ந்துகொண்டிருக்கும். குதிரையின் உடம்பு அதை எதிர்த்துப் போராடுவதால்தான் அரிப்பும், சதை பொங்குவதும் ஏற்படுகின்றன.

அடையாளங்கள்

கண்ணின் உள் மூலை, உதட்டோரம், ஆண் குதிரையின் குறியும் அதன் உறையும், முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி, சேணம் உராயும் இடம் ஆகியவற்றில் இது அதிகம் வரும். புண்ணை அழுத்தினால் அரிசிக் குருணை போன்ற மஞ்சள் நிற மணிகள் வெளிப்படும். இவற்றை ஈப்புழு என்று நினைத்துவிடக் கூடாது. ஈப்புழு வைத்த புண்ணில் வெள்ளைப் புழுக்கள் நெளிவது கண்ணுக்குத் தெரியும், நாற்றமும் இருக்கும். கோடைப் புண்ணில் உள்ள புழு கண்ணுக்குத் தெரியாது.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. காலின் உட்புறத்தில் மணி கோர்த்தாற்போல வரிசையாகக் கட்டிகள் எழுந்து, உடைந்து, தேன் போன்ற சீழ் வடிந்தாலோ, மூக்கில் பிசுபிசுப்பான சளியுடன் காய்ச்சல் இருந்தாலோ அது 'கிளாண்டர்ஸ்' நோயாக இருக்கலாம். இது மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கக்கூடியது. வெறுங்கையால் தொடாமல், குதிரையைத் தனியே கட்டி, உடனே அரசு கால்நடை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தெரிவிப்பது கட்டாயம். சில தோல் கட்டிகளும் கோடைப் புண்ணைப் போலவே தோன்றும். ஆகவே மருத்துவர் பார்த்து உறுதி செய்த பிறகே சிகிச்சை தொடங்குவது நலம்.

சிகிச்சை

இந்நோய்க்கு நல்ல மருந்து ஐவர்மெக்டின். ஜப்பான் நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து உருவாக்கப்பட்ட இம்மருந்து 1981-இல் கால்நடைகளுக்கு விற்பனைக்கு வந்தது. இதற்காக ஓமுரா, கேம்பல் என்ற இரு விஞ்ஞானிகளுக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது.

குதிரைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.2 மில்லி கிராம் வீதம் பசை வடிவில் வாய் வழியே கொடுக்க வேண்டும். எடை மேடை இல்லாவிட்டால் நாடா போதும். முன்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். வந்ததைத் தோள்பட்டை முனையிலிருந்து பிட்ட முனை வரை உள்ள நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 150, நீளம் 140 என்றால் எடை சுமார் 265 கிலோ. மருந்து 53 மில்லி கிராம். தேவைப்பட்டால் மருத்துவர் சில வாரம் கழித்து இன்னொரு முறை கொடுக்கச் சொல்வார்.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போடக் கூடாது. ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ் பிடித்து, குதிரை இறந்துபோவதும் உண்டு. கீழே சிந்திய பசையை நாய் நக்க விடக் கூடாது.

மருந்து புழுவைக் கொல்லும்; புண்ணை ஆற்றுவது நம் பராமரிப்பு. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் இரண்டு சிறு கரண்டி உப்புக் கலந்து தினமும் கழுவி, கால் புண்ணாக இருந்தால் சுத்தமான துணியால் கட்டுப் போடுங்கள். அரிப்பு கடுமையாக இருந்தால் மருத்துவர் ஸ்டீராய்டு மருந்து தருவார். கடையில் கேட்டு நீங்களே வாங்கிப் போட வேண்டாம்; அதனால் குளம்பினுள் வீக்கம் கண்டு குதிரை நொண்டியாகிவிடக்கூடும். பொங்கிய சதையை அறுத்து எடுப்பதும் மருத்துவர் வேலையே. மயில்துத்தம் வைப்பது, திராவகம் ஊற்றுவது, சூடு போடுவது ஆகியவை நல்ல சதையையும் கெடுத்துப் புண்ணைப் பெரிதாக்கும்.

கழுத்து நரம்புப் புழு

வயிற்றின் நடுக்கோட்டிலும் முகத்திலும் கழுத்திலும் மயிர் உதிர்ந்து, செதிலுடன் அரிப்பு இருந்தால் அது ஆங்கோசெர்க்கா என்ற வேறு புழுவாக இருக்கலாம். சிறு கொசு போன்ற கடிக்கும் பூச்சி இதைப் பரப்புகிறது. இதற்கும் ஐவர்மெக்டின்தான் மருந்து. ஆனால் தோலில் உள்ள குஞ்சுப் புழுக்களே சாகும்; கழுத்துத் தசைநாரில் உள்ள தாய்ப்புழு சாகாது. ஆகவே அரிப்பு திரும்பினால் மீண்டும் மருந்து தேவைப்படும். மருந்து கொடுத்த ஓரிரு நாளில் அடிவயிறு வீங்கினால் பயப்பட வேண்டாம். மருத்துவரிடம் காட்டினால் போதும்.

தடுப்பு

வெயில் காலத்தில் ஈயின் முட்டை ஈயாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே லத்தியைத் தினமும் அள்ளி, லாயத்திலிருந்து தள்ளி உள்ள எருக்குழியில் போட்டு மண்ணால் மூடுங்கள். குழியில் எழும் சூடு ஈப்புழுவைக் கொல்லும். உங்கள் வயலுக்கு நல்ல எருவும் கிடைக்கும். சிறு காயத்தையும் அன்றே கழுவி மூடுங்கள். காயத்தைச் சுற்றி வேப்பெண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கலந்து தடவினால் ஈ அண்டாது. கண்ணோரம் நீர் வடியும் குதிரைக்கு முகத்தில் நூல் சல்லடம் கட்டலாம். சேணத்தின் உராயும் ஓரத்துக்குத் துணி மெத்தை வையுங்கள்.

அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை வாங்கப் போகிறவர்கள் பல்லையும் சுழியையும் பார்ப்பதோடு நிற்காமல், கண்ணோரத்தையும் கணுக்காலையும் தடவிப் பாருங்கள். ஒரு முறை கோடைப் புண் வந்த குதிரைக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். வாங்கி வந்ததும் மருத்துவரைக் கேட்டுக் குடற்புழு மருந்து கொடுத்துவிட்டால், அதன் லத்தி வழியே உங்கள் மற்றக் குதிரைகளுக்கு நோய் பரவாது.