பயானின் குரல் பழுதாகாமல் பதிவாக

பெரியோர்களின் நல்லுரைகள் நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்லும் அமானிதமாகும். உத்தமபாளையம், கம்பம், சின்னமனூர், போடி, பெரியகுளம் எனத் தேனி மாவட்டமெங்கும் மீலாது மேடைகளும் நிக்காஹ் மஜ்லிஸ்களும் வீடியோவில் பதிவு செய்யப்படுகின்றன. பின்னாளில் போட்டுப் பார்த்தால், சில பதிவுகளில் முகம் தெளிவாயிருக்கிறது. குரலோ கரகரத்துச் சிதைந்து கிடக்கிறது. உரையாற்றிய ஆலிம் மறைந்த பின் அந்த ஒரு பதிவே எஞ்சியிருக்குமானால், அவ்விழப்பை எதைக்கொண்டு ஈடுசெய்வது?

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் திறந்தவெளிக் கூட்டங்களில் கேமராவின் சொந்த மைக் காற்றிரைச்சலையே வாங்கும். ஆகவே, ஒலிபெருக்கி மிக்ஸரிலிருந்து ஒயர் இழுத்துக் கேமராவின் மைக் துளையில் செருகுகின்றனர். நோக்கம் நல்லதே, அளவில்தான் பிழை நேர்கிறது.

மைக் தரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் மட்டுமே. மிக்ஸரின் 'லைன் அவுட்' தருவதோ, கருவிக்கேற்ப ஏறத்தாழ 0.3 முதல் 1.2 வோல்ட் வரை. அதாவது நூறு மடங்கு அளவில் மிகுதி. வயலுக்குச் செல்லும் சிறு வாய்க்காலில் முல்லைப் பெரியாற்று வெள்ளத்தைத் திருப்பினால் கரை நிற்குமா? கேமராவின் முதல் பெருக்கியிலேயே ஒலியலையின் முகடுகள் வெட்டுண்டு போகின்றன. அதன்பின் ஒலியளவைக் குறைத்தாலும் வெட்டுண்டது மீளாது.

பரிகாரம் எளிது. ஒயரின் வழியில் 10,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக இணைக்க வேண்டும். கேமரா பக்கத்தில், ஒலிக்கம்பிக்கும் எர்த் கம்பிக்கும் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒலி சுமார் நூறில் ஒரு பங்காக, அதாவது 40 டெசிபல் குறையும். பல கேமராக்கள் மைக்குக்கெனத் தாமே சிறிது மின்சாரம் அனுப்பும். அதைத் தடுக்க, ரெசிஸ்டர்களுக்கும் கேமராவுக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் கன்டென்சர் ஒன்றை, பிளஸ் முனை கேமராவை நோக்கி இருக்குமாறு இணைப்பது நலம். ரேடியோ பழுதுபார்ப்பவர் எவரும் இதைச் செய்து தருவார்.

எச்சரிக்கை ஒன்று: ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனையிலிருந்து ஒருபோதும் ஒயர் எடுக்கலாகாது. குழாய் ஒலிபெருக்கிகளுக்குச் செல்லும் கம்பியில் 100 வோல்ட் வரை இருக்கக்கூடும். கேமரா பாழாகும், கையும் அதிரும். உறுமல் ஓசை கேட்டால், கேமராவை மின்இணைப்பிலிருந்து நீக்கிப் பேட்டரியில் இயக்கிப் பாருங்கள்.

கூட்டம் தொடங்குமுன் ஒருவரை மேடையில் உரத்துப் பேசச் செய்து, பதிவை ஹெட்போனில் கேட்டுச் சரிபார்த்தல் அவசியம். புதிய டிஜிட்டல் கேமராக்களின் மைக் துளைக்கும் இதே விதிதான். ஒவ்வொரு ஜமாஅத்தும் இப்பொறுப்பை இளைஞர் ஒருவரிடம் ஒப்படைக்கட்டும். அமானிதத்தைப் பேணும் நல்லருளை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக!