எங்கள் தோட்டத்துத் தேயிலை!

கடைத்தொகுதியில் வரிசை பிடித்து நின்று, "பாதி சர்க்கரை, ஐஸ் குறைவாக" என்று பபள் டீ வாங்குகிறோம். அந்தத் தேயிலை எந்த ஊரில் விளைந்தது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? சென்ற ஆண்டு தைவானின் பிங்லின் என்ற சிற்றூருக்குப் போகும்வரை நானும் கேட்டதில்லை.

பபள் டீயின் தாயகமான தைவானிலேயே, உள்ளூரில் விளைவதைவிட இறக்குமதியாகும் தேயிலைதான் அதிகம். அதில் பெரும்பங்கு வியட்னாமிலிருந்து வருகிறது. தைவான் மலைத் தோட்டங்களில் கூலி அதிகம். இலை பறிக்க ஆள் கிடைப்பதும் சிரமம். வெளிநாட்டுத் தேயிலையைக் கலந்து உள்ளூர்த் தேயிலை என்று விற்றவர்கள் பிடிபட்டதும் உண்டு. அதனால்தான், "இது எங்கள் தோட்டத்தில் விளைந்தது" என்று ஒரு குடும்பம் சொன்னால் அதற்குத் தனி மதிப்பு.

சாலை மாறியது

தைப்பேக்குத் தென்கிழக்கே, மலைகளுக்கு நடுவே ஆற்றோரம் இருக்கிறது பிங்லின். மெல்லிய பூ வாசம் கொண்ட 'பாவ்ஜோங்' தேயிலைக்குப் பெயர்பெற்ற ஊர். முன்பு தைப்பேயிலிருந்து யீலான் போகும் வாகனங்கள் இந்த வழியாகத்தான் செல்லும். பயணிகள் இறங்கிச் சாப்பிடுவார்கள். வீட்டுக்குத் தேயிலையும் வாங்குவார்கள்.

2006 ஜூனில், ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுள்ள ஷுவேஷான் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. வாகனங்கள் அந்தப் பக்கம் போக, கடைகளில் கூட்டம் குறைந்தது. வேறு தொழிலுக்கு மாறுவதும் எளிதல்ல. தைப்பேக்குக் குடிநீர் தரும் ஃபெய்ட்சுய் நீர்த்தேக்கத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதால், கட்டடம் எழுப்பவும் நிலத்தைப் பயன்படுத்தவும் கடுமையான கட்டுப்பாடுகள்.

தூங்காத இரவு

நான் நுழைந்த கடை, ஒரு வீட்டின் முன்கூடம். பின்னால் தேயிலை பதப்படுத்தும் அறை. மலைச்சரிவில் தோட்டம். அப்பா, அம்மா இருவரும் முழுநேரம். தைப்பேயில் அலுவலக வேலை பார்க்கும் மகன், வார இறுதியிலும் அறுவடைக் காலத்திலும் வந்துவிடுவார். எனக்கு ஆங்கிலத்தில் விளக்கியவர் அவர்தான்.

பறித்த இலையை முதலில் வெயிலில் வாட்டுகிறார்கள். பிறகு மூங்கில் தட்டுகளில் பரப்பி, இடைவெளி விட்டு விட்டுக் கையால் புரட்டுகிறார்கள். பச்சை நெடி போய்ப் பூ வாசம் எழும். அந்த நேரம் பார்த்து இலையைச் சூட்டில் வாட்ட வேண்டும். அதற்குள் நள்ளிரவு தாண்டிவிடும். முந்தினால் பச்சை நெடி தங்கிவிடும். பிந்தினால் வாசம் போய்விடும். அதன்பின் உருட்டி, உலர்த்த வேண்டும். 1 கிலோ தேயிலைக்கு 4 முதல் 5 கிலோ பச்சை இலை தேவை.

சரியான நேரத்தை அப்பாவின் மூக்கு சொல்லிவிடும். மகன் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார்.

குடித்துப் பார்த்து வாங்கு

அந்த அம்மா என்னை உட்காரவைத்து, 3 கிராம் இலையில் 150 மில்லி கொதிநீர் ஊற்றி, 5 நிமிடம் ஊறவிட்டார். தேயிலையைச் சோதிக்கும் முறை இது. அவ்வளவு நேரம் ஊறினால் எந்தக் குறையும் நாக்கில் தெரிந்துவிடும்.

எல்லாப் பொட்டலத்தையும் அவர் ஒரேமாதிரி புகழவில்லை. மழை நாளில் பறித்ததைத் தனியாக எடுத்துக் காட்டி, "இதில் வாசம் குறைவு" என்று மகன் மூலம் சொல்லி, குறைந்த விலை போட்டிருந்தார். நான் கேட்கவே இல்லை! வழிப்போக்கர் கூட்டம் போன பிறகும் இந்தக் கடை ஏன் நிற்கிறது என்று அப்போது புரிந்தது. இங்கே வருபவர்கள் இவர்களை நம்பி, மறுபடியும் வருபவர்கள்.

அப்பாவுக்கு எழுபது வயது நெருங்குகிறது. "வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவீர்களா?" என்று மகனிடம் கேட்டேன். மாதச் சம்பளம், பிள்ளையின் படிப்பு என்று யோசிக்கிறார். இன்னும் முடிவெடுக்கவில்லை. அடுத்த அறுவடைக்கு மட்டும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

போக விரும்புவோருக்கு: தைப்பேயின் ஷிண்டியன் பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து பிங்லினுக்குப் பேருந்து உண்டு. ஊரில் தேயிலை அரும்பொருளகமும் இருக்கிறது. தேயிலையை 600 கிராம் கொண்ட 'ஜின்' கணக்கில் விற்கிறார்கள்; நம் பெரியவர்கள் சொல்லும் 'கட்டி'யைப் போல. கால் ஜின், அதாவது 150 கிராம் வாங்கிப் பாருங்கள். பாலும் சர்க்கரையும் வேண்டாம்!