பசியை அடக்கும் செடியும் பசியோடு வாழும் மக்களும்

களுகங்கை நீர்த்தேக்கத்தில் 2018ஆம் ஆண்டு நீர் நிரப்பப்பட்டபோது பழைய பல்லேகமவின் வயல்களும் தோட்டங்களும் நீருக்குள் போயின. இத்தகைய திட்டங்களில் காணிக்கும் வீட்டுக்கும் நட்டஈடு கணக்கிடுவார்கள். ஆனால் எந்தக் கிழங்கு பஞ்சத்துக்கு உதவும், எந்த இலை காய்ச்சலைத் தணிக்கும் என்று மூத்தவர்கள் அறிந்து வைத்திருப்பது எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. அந்த அறிவின் பெறுமதியை ஆபிரிக்கப் பாலைவனச் செடியொன்றின் வரலாறு எமக்குக் காட்டுகிறது.

அதன் பெயர் ஹூடியா. பார்வைக்கு முட்கள் நிறைந்த கள்ளி போன்றது. ஆனால் எமது எருக்கலையின் குடும்பத்தைச் சேர்ந்தது. கலகாரிப் பகுதியில் வாழும் சான் இன மக்கள் நெடுந்தூரம் வேட்டைக்குப் போகும்போது அதன் சதைப்பற்றான தண்டை மென்று பசியையும் தாகத்தையும் தாங்கினார்கள். தென்னாபிரிக்க அரசின் ஆராய்ச்சி மன்றம் 1960களில் அதை ஆராயத் தொடங்கி, 1990களின் நடுப்பகுதியில் காப்புரிமை கோரியது. 1997இல் பைட்டோபார்ம் என்ற பிரித்தானிய நிறுவனத்துக்கும், அதனூடாக 1998இல் பைசர் நிறுவனத்துக்கும் உரிமம் சென்றது. உடல் மெலிய விரும்புவோருக்கு மாத்திரை செய்வதே நோக்கம்.

சான் மக்களிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. 2001இல் விடயம் வெளியானபோது, அம்மக்கள் அழிந்துவிட்டதாக எண்ணியிருந்ததாகப் பைட்டோபார்ம் தரப்பு கூறியது. உயிரோடு இருந்தவர்களோ ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர்! அவர்கள் சபையாக ஒன்றுகூடி, சட்டத்தரணிகளின் உதவியுடன் வாதாடினார்கள். 2003 மார்ச் மாதம் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மன்றத்துக்குக் கிடைக்கும் விற்பனை உரிமத் தொகையில் 6 சதவீதமும், ஆய்வுக் கட்டக் கொடுப்பனவில் 8 சதவீதமும் அவர்களுக்கு என முடிவாயிற்று.

ஆனால் பெருஞ்செல்வம் வரவில்லை. அதே ஆண்டில் பைசர் விலகியது. 2004இல் பொறுப்பேற்ற யூனிலீவரும் 2008இல் கைவிட்டது. 2011இல் வெளியான ஆய்வொன்றில் 49 பெண்களுக்கு 15 நாட்கள் ஹூடியாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். உண்ணும் அளவு குறையவில்லை. குமட்டலும் இரத்த அழுத்தமுமே கூடின.

எமது பக்கத்திலும் இதற்கு உறவுச் செடி உண்டு. தமிழ்நாட்டின் வறண்ட நிலங்களில் பாறையோரம் வளரும் கள்ளிமுளையானைத் துவையலாக அரைத்து உண்பார்கள். இவ்வினச் செடி இலங்கையின் உலர் வலயத்திலும் உண்டு. பெங்களூர் புனித யோவான் மருத்துவக் கல்லூரி 2007இல் வெளியிட்ட ஆய்வில், 50 பேரில் ஒரு பகுதியினர் இதன் சாற்றுப்பொடியை நாளுக்கு 1 கிராம் வீதம் 60 நாட்கள் உட்கொண்டார்கள். பசியுணர்வும் இடுப்புச் சுற்றளவும் குறைந்தன. உடல் நிறையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பசியை மறைப்பது பசியைத் தீர்ப்பதாகாது. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் வேண்டியது உணவே, பசியடக்கும் செடியல்ல. இரண்டாவது, இடம்பெயர்ந்தாலும் கூடவே வரும் சொத்து எமது அறிவு. 1992ஆம் ஆண்டின் உயிர்ப் பல்வகைமைச் சமவாயம் அதற்கு மதிப்பளிக்கிறது. இலங்கையும் 1994இல் அதனை ஏற்றுக்கொண்டது. ஆகவே பெரியவர்களிடம் கேட்டு, செடியின் பெயர், வளரும் இடம், பயன் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மூலிகை தேடி வெளியார் வந்தால், தனித்தனியே விபரம் கொடாமல் கிராமச் சங்கத்தில் கூடிப் பேசி, எழுத்தில் உடன்பாடு கேளுங்கள்.

வேலையாளின் கூலியைப் பிடித்து வைப்பது கடவுளை நோக்கிக் கூக்குரலிடும் பாவம் என்பது எமது திருச்சபையின் போதனை. தலைமுறைகளாகத் தேடிய அறிவும் உழைப்பே. அதற்கும் கூலி உண்டு.