பிழை எந்த வரியில்?

ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல், யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு 1979-ல் வெளியானது. அதன் மூலநிரலைத் திறந்து பார்த்தவர்கள் திகைத்தார்கள். அது சி மொழியில் எழுதிய நிரல்தான். பார்வைக்கோ அல்கால் 68 போல இருந்தது. போர்ன் அதற்கு முன் கேம்பிரிட்ஜில் அல்கால் 68 கம்பைலரில் வேலை செய்தவர். பழகிய நடையை விட மனமில்லாமல், சி மொழியின் மேக்ரோ வசதியைக் கொண்டு 'இஃப்', 'தென்', 'ஃபி' என்று தமக்கான சொற்களை உண்டாக்கிக்கொண்டார். 'லூப்' என்று தொடங்கும் சுழற்சி, அதையே திருப்பிப் போட்ட 'பூல்' என்ற சொல்லோடு முடியும். இந்தச் சொற்கள் கம்பைலருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அதற்கு முன்பே, மேக்ரோக்களை விரிக்கும் முன்செயலி உரையை ஒருமுறை படித்து, 'தென்' இருந்த இடத்தில் அடைப்புக்குறிகளை வைத்துவிடும்.

1984-ல் தொடங்கிய, புரியாத சி நிரல்களுக்கான சர்வதேசப் போட்டிக்கு இந்த மூலநிரலும் ஒரு தூண்டுகோல். அந்த மூலநிரலில் எனக்கு வியப்பாகப் படுவது வேறொன்று. 'தென்' என்பதை எழுத மறந்துவிட்டால் என்ன ஆகும்? வளைவு அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று கம்பைலர் புகார் சொல்லும். எழுதியவரோ அந்த இடத்தில் அடைப்புக்குறியே போட்டிருக்க மாட்டார். எழுதியது ஒரு மொழி, பிழை சொல்வது இன்னொரு மொழி. புதிய இலக்கணம் படைக்கும் எல்லோரும் சந்திக்கும் சிக்கல் இது.

போர்னுக்கு வரி எண்ணாவது சரியாக இருந்தது. சொல் மாறினாலும் வரி நகரவில்லை. எப்போதும் அப்படி அமையாது. திரையில் ஒரு வணக்கம் எழுதும் ஐந்து வரி சி நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளீடு-வெளியீட்டுத் தலைப்புக் கோப்பை முன்செயலி உள்ளே இழுத்ததும், அந்த ஐந்து வரி நூற்றுக்கணக்கான வரிகளாக வீங்குகிறது. கம்பைலர் படிப்பது வீங்கிய உரையைத்தான். ஆனாலும் நான்காம் வரியில் பிழை செய்தால் 'நான்காம் வரி' என்றே சொல்கிறது. எப்படி? முன்செயலி விரிக்கும்போதே இடையிடையே ஒரு குறிப்பு எழுதி வைக்கிறது: இனி வருவது இந்தக் கோப்பின் இத்தனையாம் வரி. கம்பைலர் அந்தக் குறிப்பை நம்பி தன் கணக்கை மாற்றிக்கொள்கிறது. ஒரு சாதாரண ஹேஷ் குறியும் எண்ணும் கோப்பின் பெயரும்தான் அது. நிரலாக்க உலகில் இவ்வளவு சிறிய ஏற்பாடு இவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்தியது அரிது என்பேன். இலக்கண விதிகளிலிருந்து சி நிரல் தயாரிக்கும் யாக் இதைப் பயன்படுத்தியது. சி++ நிரலை சி-யாக மாற்றிக் கொடுத்த சீஃப்ரன்ட்டும் இதையே நம்பியது.

இணையம் வந்தபின் இந்த ஏற்பாடு போதவில்லை. டைப்ஸ்கிரிப்டில் எழுதியது ஜாவாஸ்கிரிப்டாகிறது. பிறகு வேகமாக இறங்குவதற்காக, முழு நிரலும் ஒரே நீண்ட வரியாக நசுக்கப்படுகிறது. எல்லாமே முதல் வரி என்றால் வரி எண்ணால் என்ன பயன்? அந்த வரியில் எத்தனையாவது எழுத்து என்பதும் வேண்டும். இதற்காக உருவானதுதான் சோர்ஸ் மேப் என்ற துணைக் கோப்பு. நசுங்கிய நிரலின் ஒவ்வொரு துண்டும் எந்தக் கோப்பில், எந்த வரியில், எந்த எழுத்திலிருந்து வந்தது என்று அது சொல்லும். எண்களை அப்படியே எழுதினால் கோப்பு பெருத்துவிடும். ஆகவே ஒவ்வொரு இடத்தையும் முந்தைய இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்று மட்டும் குறிக்கிறார்கள். முழு முகவரி எழுதாமல் 'அடுத்த வீடு' என்று சொல்வதுபோல. மாற்றமில்லை என்றால் 'ஏ' என்ற ஓர் ஆங்கில எழுத்து. ஒன்று கூடினால் 'சி', ஒன்று குறைந்தால் 'டி'. 'ஏ ஏ சி ஏ' என்ற நான்கெழுத்தை அவிழ்த்தால், அதே கோப்பு, அடுத்த வரி என்று பொருள். உலாவியில் பிரேக்பாயின்ட் வைக்கும்போது பின்னால் நடப்பது இந்தக் கணக்குதான். 2024 டிசம்பரில் இது எக்மா-426 என்ற தரநிலையாகவும் ஆனது.

வரிக் குறிப்போ சோர்ஸ் மேப்போ எல்லாவற்றையும் காப்பாற்றுவதில்லை. சி-யில் ஒரு மேக்ரோ இருபது கட்டளைகளாக விரிந்திருந்தாலும், டீபக்கருக்கு அவை எல்லாம் ஒரே வரிதான். பிழை மேக்ரோவை அழைத்த இடத்திலா, மேக்ரோவுக்கு உள்ளேயா என்பதும் தெரியாது. 2012-ல் வந்த ஜிசிசி 4.7 என்ற கம்பைலர் இந்த இரண்டாவது குறையைக் கையில் எடுத்தது. விரிந்த ஒவ்வொரு சொல்லுக்கும் அழைத்த இடம், வரையறுத்த இடம் இரண்டையும் நினைவில் வைத்து, பிழைச் செய்தியில் இரண்டையும் காட்டும் வசதியைத் தந்தது.

அதற்கும் பிடிபடாத பிழைக்கு அனுபவசாலிகள் எதிர்த்திசையில் போவார்கள். முன்செயலியை மட்டும் தனியே ஓட்டி, வரிக் குறிப்புகளை வேண்டுமென்றே நீக்கி, விரிந்த உரையை ஒரு புதிய கோப்பில் சேமித்து அதையே கம்பைல் செய்வார்கள். இப்போது பிழைச் செய்தி சுட்டுவது கம்பைலர் உண்மையில் படித்த வரியை. அங்கே போய்ப் பார்த்தால், நாம் எழுதாத அந்த அடைப்புக்குறி கண்ணெதிரே கிடக்கும்.