கஞ்சப் பாக்டீரியாவைச் செலவாளியாக்கும் வித்தை

ஃபிரைடு ரைஸ் தள்ளுவண்டியில் கடைசியாகத் தூவப்படும் அஜினமோட்டோவுக்கும், பல்லடத்துப் பிராய்லர் கோழித் தீவனத்தில் கலக்கும் லைசினுக்கும் ஓர் உறவு உண்டு. இரண்டுமே அமினோ அமிலச் சரக்கு. இரண்டையும் தயாரிக்க உலகத் தொழிற்சாலைகள் பெரிதும் நம்பியிருப்பது கோரினிபாக்டீரியம் குளூட்டாமிக்கம் என்ற ஒரே மண் பாக்டீரியாவை. தொண்டை அடைப்பான் நோயைத் தரும் கிருமிக்கு இது நெருங்கிய சொந்தம்; ஆனால் பரம சாது.

அஜினமோட்டோவின் உயிர்ப்பொருளான குளூட்டமேட்டின் சுவையை 1908-இல் கடற்பாசிச் சாற்றில் கண்டறிந்தவர் டோக்கியோ பேராசிரியர் கிகுனாயே இகேதா. அடுத்த ஆண்டே அது விற்பனைக்கு வந்தது. தயாரிப்பு முறைதான் கொடுமை. கோதுமைப் புரதத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்துப் பிரித்தெடுக்க வேண்டும். இந்த வேலையை ஒரு நுண்ணுயிரிடம் ஒப்படைக்க முடியுமா என்று தேடிய கியோவா ஹக்கோ நிறுவனத்தின் ஷுகுவோ கினோஷிதா குழுவினர், 1956-இல் இந்தப் பாக்டீரியாவைப் பிடித்தார்கள்.

அது சர்க்கரையையும் அம்மோனியாவையும் தின்று குளூட்டமேட்டை வெளியே கொட்டியது. இதுதான் விசித்திரம். பாக்டீரியாக்கள் படுகஞ்சம். தனக்குத் தேவையான 20 அமினோ அமிலங்களையும் தானே செய்துகொள்ளும் செல், எதையும் தேவைக்கு மேல் செய்யாது. அப்படிப்பட்டது ஏன் ஊதாரியானது?

விடை பயோட்டின் என்ற வைட்டமினில் இருந்தது. இந்தப் பாக்டீரியாவால் செய்துகொள்ள முடியாத பொருள் அது. பயோட்டின் குறைந்தால் கொழுப்பு அமில உற்பத்தி தடுமாறும். செல்லைச் சுற்றியுள்ள சவ்வு இழுவிசைக்கு உள்ளாகும். சவ்வு ஓட்டையாகிக் குளூட்டமேட் கசிகிறது என்றுதான் முதலில் விளக்கினார்கள். வெறும் கசிவு என்றால் மற்ற அமினோ அமிலங்களும் சேர்ந்தல்லவா ஒழுக வேண்டும்? சவ்வு இழுபடும்போது திறக்கும் ஒரு புரத வாசல் வழியாகவே குளூட்டமேட் வெளியேறுகிறது என்பதை 2007-இல் அஜினமோட்டோ நிறுவன ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

வாசல் திறந்தால் மட்டும் போதாது, உள்ளே சரக்கு குவிய வேண்டும். சர்க்கரை சிதையும் பாதையில் 2-ஆக்ஸோகுளூட்டரேட் என்ற பொருளில் ஒரு கவர்பாதை பிரிகிறது. ஒரு கிளை ஆற்றல் உற்பத்திக்குப் போகும். மறு கிளையில் அது அம்மோனியாவுடன் சேர்ந்து குளூட்டமேட் ஆகும். பயோட்டின் பஞ்சத்தில் முதல் கிளையின் நொதி மந்தமாகிறது. போக்கிடமில்லாத கார்பன் எல்லாம் இரண்டாவது கிளையில் பாய்கிறது.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல். மலிவான மூலப்பொருளான சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் பயோட்டின் தாராளமாக உண்டு. அதில் வளர்ந்த பாக்டீரியா மறுபடி கஞ்சமாகிவிடும். இதற்குக் கிடைத்த தீர்வுகளில் ஒன்று பென்சிலின்! பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தை, வளர்ச்சியின் நடுவே அளவாகச் சேர்த்தால், செல் சுவர் கட்டுவது தடைப்பட்டு, பெருகுவதை விட்டுக் குளூட்டமேட்டைத் தள்ளத் தொடங்கும்.

லைசின் கதை வேறு மாதிரி. மேல்நிலைத் தொட்டி நிறைந்ததும் மிதவை குழாயை அடைப்பதுபோல, லைசினும் திரியோனின் என்ற மற்றோர் அமினோ அமிலமும் சேர்ந்து பெருகினால், அஸ்பார்ட்டோகைனேஸ் என்ற தொடக்க நொதியை அவையே முடக்கிவிடும். 'சேர்ந்து' என்பதுதான் சூட்சுமம். ஒன்று மட்டும் பெருகினால் முடக்கம் வலுக்காது. 1958-இல் கினோஷிதா குழு அறிவித்த லைசின் வகை, ஹோமோசெரின் செய்ய முடியாத ஒரு பிறழ்வு. ஹோமோசெரின் இல்லையேல் திரியோனினும் இல்லை. வெளியிலிருந்து அளந்து ஊட்டினால் செல் பிழைத்திருக்கும். தடை விழாமல் லைசின் பெருகிக்கொண்டே போகும். மக்காச்சோளத்தில் லைசின் குறைவு என்பதால் தீவனத் தொழிலுக்கு இது வரப்பிரசாதம். இன்று உலகில் ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் லைசின் தயாராகிறது.

லைசினுக்கும் தனி வாசல் உண்டு. 1996-இல் ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் கண்டறியப்பட்ட அதன் பெயர் லைஸ்-ஈ. இந்தப் பாக்டீரியாவுக்கு லைசினைச் சிதைக்கத் தெரியாது. ஆகவே மிகுதியை வெளியேற்றியே ஆக வேண்டும். வாசலை நீக்கிவிட்டு லைசின் அடங்கிய சிறு புரதத் துண்டுகளை ஊட்டினால், உள்ளே லைசின் தேங்கி வளர்ச்சி நின்றுவிடும்.

இத்தனை தந்திரத்துக்குப் பிறகும் நொதிகலன் பொறுப்பாளர் கண்ணயர முடியாது. குளூட்டமேட் தொட்டியில் காற்று குறைந்தால் பாக்டீரியா லாக்டிக் அமிலத்துக்கோ சக்சினிக் அமிலத்துக்கோ தாவிவிடும். அம்மோனியா குறைந்தால் 2-ஆக்ஸோகுளூட்டரேட் அப்படியே தேங்கும். மிஞ்சினால் குளூட்டமேட் மேலும் ஒரு அம்மோனியாவைச் சேர்த்துக்கொண்டு குளூட்டமின் ஆகும். அமிலத்தன்மையைச் சரிக்கட்டவும் அதே அம்மோனியாதான் என்பதால், கலனின் அமில அளவைப் பார்த்துப் பார்த்துச் சிறுகச் சிறுகச் செலுத்துகிறார்கள்.