ஒரே வகை விமானம் போதாதா?

ராயபுரத்திலிருந்து காசிமேடு வழியாகக் கடலோரமாய் நடந்து செல்லும் நேயர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கலாம். மீன் பிடிப்பவர் வீட்டு வாசலில் ஒரே ஒரு வலை கிடப்பதில்லை. தனி ஆளாக நின்று வீசுவதற்கு ஒரு வலை, பலர் சேர்ந்து கரைக்கு இழுப்பதற்கு மற்றொன்று, ஆழ்கடலுக்கு வேறொன்று, பெரிய மீனுக்குத் தூண்டில். "எல்லாவற்றுக்கும் ஒரே வலை வைத்துக்கொண்டால் செலவு மிச்சமாகுமே!" என்று நாம் யோசனை சொன்னால், அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தம் வேலையைக் கவனிக்கப் போய்விடுவார்.

குண்டு வீசும் விமானங்களைப் பற்றியும் பலர் இதே யோசனையைச் சொல்கிறார்கள். ஒரு தேசத்தின் ராணுவம் எதற்காகப் பல வகை விமானங்களை வைத்துக்கொண்டு பராமரிக்க வேண்டும்? வரிப் பணம் வீண் அல்லவா? கேள்வி நியாயமானதுதான். அதற்கு விடை தேட ராயபுரத்தையும் திருவொற்றியூரையும் எண்ணூரையும்விடப் பொருத்தமான இடம் இல்லை. துறைமுகம், ரயில் பாதைகள், மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அனல் மின் நிலையம் எல்லாம் இங்கேதான் நெருங்கி நிற்கின்றன. சத்துரு ஒருவன் சென்னையைத் தாக்க நினைத்தால், அவன் கண் முதலில் இங்கேதான் விழும்.

ஒரு தடவை விழுந்தும் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, ஜெர்மானியக் கப்பலான எம்டன் சென்னைக்கு எதிரே வந்து சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. கப்பல் போய்விட்டது; 'எம்டன்' என்ற சொல் மட்டும் நம் பேச்சில் தங்கிவிட்டது.

அடுத்த யுத்தத்தில் அபாயம் ஆகாய மார்க்கமாக வந்தது. 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்ற பீதியில் ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். சர்க்கார் அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்கு இடம் பெயர்ந்தன. கடைசியில் சென்னைக்கு வந்தது 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம். அது இரவில் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போயிற்று.

கொழும்பைத் தாக்கியவர்கள் ஒரே வகை விமானத்துடன் வரவில்லை என்பதே நாம் இங்கே கவனிக்க வேண்டியது. ஒரு வகை, 800 கிலோ எடையுள்ள குண்டையோ, கப்பலின் அடிவயிற்றைப் பிளக்கும் நீர்மூழ்கிக் குண்டையோ சுமக்கும். மற்றொரு வகை 250 கிலோ குண்டைத்தான் சுமக்கும். ஆனால் உயரத்திலிருந்து பருந்தைப் போல் செங்குத்தாகப் பாய்ந்து, குறி தவறாமல் போடும். அசையாமல் கிடக்கும் துறைமுகத்துக்கு முதல் வகை போதும். வளைந்து வளைந்து ஓடும் கப்பலுக்கு இரண்டாவது வகை வேண்டும். அன்று பிற்பகலே அந்தப் பாயும் விமானங்கள் கார்ன்வால், டார்ஸெட்ஷயர் என்னும் இரு பிரிட்டிஷ் போர்க் கப்பல்களைச் சில நிமிஷங்களில் மூழ்கடித்தன. 400-க்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள்.

இரண்டு வேலையையும் ஒரே விமானம் செய்யக் கூடாதா? இங்கேதான் சங்கடம். விமானம் தூக்கக்கூடிய பாரத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குள்ளேயே பெட்ரோலும் குண்டும் ஆட்களும் கவசமும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். தூரம் போக வேண்டுமானால் பெட்ரோல் அதிகம், குண்டு குறைவு. செங்குத்தாகப் பாய்ந்து மறுபடி எழும்ப வேண்டுமானால் உடல் சிறியதாகவும் இறக்கை உறுதியாகவும் இருக்க வேண்டும்; பெரும் பாரம் சுமக்க முடியாது. ஒன்றைப் பெற மற்றொன்றை இழந்தே தீர வேண்டும்.

காவல் காப்பதற்கும் இதே நியாயந்தான். கொழும்பைத் தாக்க வந்த கப்பற்படையை முதல் நாளே கண்டு செய்தி அனுப்பியது காட்டலினா என்ற கடல் விமானம். வேகத்தில் அது ஆமை. ஆனால் 20 மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் பறக்கும். அதே வகை விமானங்கள் யுத்தகாலத்தில் நம் செங்குன்றம் ஏரியிலும் தங்கியிருந்து வங்கக் கடலைக் காவல் காத்தன.

சுதந்திரம் வந்தபின் நம் தேசமும் இந்தப் பாடத்தைப் படித்தது. 1948-இல், கான்பூரில் உபயோகமற்றதாக்கிக் கைவிடப்பட்டிருந்த லிபரேட்டர் என்னும் கனரக விமானங்களை நம் தொழிலாளர்கள் பெங்களூரில் செப்பனிட்டுப் பறக்கவிட்டார்கள். அந்நியர் குப்பையென்று தள்ளியவை 1968 வரை சேவை செய்தன! 1957-இல் வந்த கான்பெரா விமானங்கள் 2007-இல் ஓய்வு பெற்றன. இன்று அரக்கோணத்துக் கடற்படைத் தளத்திலிருந்து பி-8ஐ விமானங்கள் நெடுநேரம் பறந்து நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுகின்றன. தஞ்சாவூரில் 2020 முதல், பிரமோஸ் ஏவுகணை தாங்கிய சுகோய் விமானங்கள் நிற்கின்றன. ஒன்று தேடுவதற்கு, மற்றொன்று விரைந்து தாக்குவதற்கு.

செல்வச் செழிப்புள்ள அமெரிக்காவும் ஒன்றோடு நிறுத்தவில்லை. 1952-இல் முதன்முதல் பறந்த பி-52, தூரத்தில் நின்று ஏவுகணை வீசுகிறது. பி-2 ராடார் கண்ணில் எளிதில் படாமல் உள்ளே நுழைகிறது. ஆனால் அதன் விலை காரணமாக 21 விமானங்களே கட்ட முடிந்தது. தவிர, ஒரு வகையில் பழுது கண்டு எல்லாவற்றையும் தரையில் நிறுத்த நேர்ந்தால், மற்றொரு வகை பறக்க வேண்டாமா?

வகை பெருகினால் செலவும் பெருகும் என்பது வாஸ்தவமே. ஒவ்வொன்றுக்கும் தனி உதிரிப் பாகம், தனிப் பயிற்சி, தனி மெக்கானிக் வேண்டும். ஆகவே, அவசியத்துக்கு மேல் ஒன்றும் கூடாது. அவசியத்துக்குக் குறையவும் கூடாது. அந்தக் கணக்கைத் தில்லியில் போடுகிறார்கள். கணக்குப் பிசகினால் மூட்டை கட்ட வேண்டியவர்கள் ராயபுரத்திலும் எண்ணூரிலும் இருப்பவர்கள். ஆதலால், அதைப் பற்றி வாய் திறந்து கேள்வி கேட்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு.